பலாஸ்ட் நீர் விதிகளைக் கப்பலில் நடைமுறைப்படுத்துவது எப்படி: புதிய பரிசோதகருக்குக் கிழக்குக் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

"சேர், நம்மட ஒலுவிலுக்குக் கப்பலே வாறல்ல. இதப் படிச்சி நாம என்ன செய்யப்போறம்?"

மட்டக்களப்புக் கல்லடியில் மாலை நேரத்தில் நான் எடுக்கும் சின்ன வகுப்பில் ஒரு பையன் கேட்டது. நியாயமான கேள்வி. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடிக்கொண்டது. மட்டக்களப்பில் வாவி இருக்கிறது, கப்பல்துறை இல்லை. ஆனால் திருகோணமலையிலும் அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் கப்பலேறிப் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கப்பலின் பலாஸ்ட் நீர்ப் பதிவேட்டை எழுதும் பக்கத்தில், கப்பல் அதிகாரியாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தில் பல வருடம் இருந்தவன். பொய்க் கணக்கும் எழுதியிருக்கிறேன்; அந்தக் கதை நாலாம் படியில் வரும்.

எதற்காக இந்த விதி

வெறும் தோணி காற்றுக்கு ஆடும் என்று மணல் மூட்டை போட்டுக்கொண்டு போவார்கள். கப்பலும் அதைத்தான் செய்கிறது, மணலுக்குப் பதிலாக நீர். அதுதான் பலாஸ்ட் நீர். சரக்கை இறக்கும் துறையில் நீரை அள்ளிக்கொள்ளும். சரக்கை ஏற்றும் துறையில் அதைக் கொட்டும். 50,000 தொன் சுமக்கும் ஒரு கப்பல் 15,000 கன மீற்றர் நீரோடு வருவது சாதாரணம். அந்த நீரில் நண்டின் குடம்பியும் மட்டிக் குஞ்சும் பாசியும் கொலராக் கிருமியும் கூடவே பயணம் செய்யும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று ஒரு மட்டியைத் திட்டுகிறார்கள். அமெரிக்கக் கண்டத்துக் கரையோரச் சாதி அது. ஆற்றுப் படுகையில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, மஞ்சள் மட்டியை மூடி, இறால் புதைய இடமில்லாமல் செய்துவிட்டது. பலாஸ்ட் நீரிலோ கப்பலின் அடியில் ஒட்டியோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. இதை வகுப்பில் சொன்னபோது, கடைசி வாங்கில் இருந்த வாவி மீனவர் ஒருவர் (மகனைக் கூட்டிப்போக வந்தவர்) கேட்டார்: "அது நம்மட முகத்துவாரத்தால உள்ளுக்கு வந்தா, மறுகா ஆர்கா அத வெளிய எடுக்கிற?" ஆற்றுவாழையைக் கண்ணால் பார்த்துக் கையால் இழுத்தே நமக்கு அலுத்துவிட்டது. இது நீருக்கடியில் கிடக்கும் சாமான். திருகோணமலையில் கொட்டியது நீரோட்டத்தோடு தெற்கே வர, முகத்துவாரம் வெட்டித் திறந்திருக்கும் ஒரு மாரி போதும்.

இந்த ஆபத்துக்காகத்தான் 2004 பெப்ரவரி 13ஆம் திகதி இலண்டனில் பலாஸ்ட் நீர் முகாமைத்துவ உடன்படிக்கை ஏற்கப்பட்டது. உலக வணிகக் கப்பல் தொன்னேஜில் (கப்பல்களின் பருமனைக் குறிக்கும் அளவு) 35 சதவீதத்தைக் கொண்ட 30 நாடுகள் சேர வேண்டும் என்ற நிபந்தனையால் அது 2017 செப்டெம்பர் 8 வரை நடைமுறைக்கு வரவில்லை. பதின்மூன்று வருடம் இழுத்தது.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை இரண்டு தரங்கள். டி-1 என்பது நடுக்கடலில் நீரை மாற்றுவது. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 200 மீற்றர் ஆழத்தில் மாற்ற வேண்டும். அது முடியாவிட்டால் 50 மைலுக்கு அப்பால், அதே ஆழத்தில். கன அளவில் 95 சதவீதமாவது மாற வேண்டும். நிறைந்த தாங்கிக்குள் புது நீரைத் தள்ளிப் பழையதை வழியவிட்டு மாற்றுவதானால், தாங்கியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரைப் பம்ப் பண்ண வேண்டும். டி-2 என்பது கொட்டும் நீரில் என்ன மிஞ்சலாம் என்ற எல்லை. 50 மைக்குரோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீற்றருக்குப் பத்துக்குக் கீழே. 10 முதல் 50 வரை உள்ளவை ஒரு மில்லிலீற்றருக்குப் பத்துக்குக் கீழே. கிருமிகளில், 100 மில்லிலீற்றரில் ஈகோலை 250க்கும், குடல் என்டரோகொக்கை 100க்கும், கொலரா நஞ்சு தரும் விப்ரியோ 1க்கும் குறைவாக இருக்க வேண்டும். 2024 செப்டெம்பர் 8 முதல் உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாம் டி-2வில் நிற்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், கப்பலில் சுத்திகரிப்புக் கருவி ஒன்று இருக்க வேண்டும்.

முதற்படி: உங்கள் கையில் என்ன அதிகாரம்

இலங்கையில் மூன்று கதவுகள் உண்டு. துறைமுகத்தை நடத்துவது இலங்கைத் துறைமுக அதிகாரசபை. வெளிநாட்டுக் கப்பலில் ஏறித் துறைமுக அரசுப் பரிசோதனை செய்வது வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் வேலை. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின்கீழ் இயங்குவது கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை. நீங்கள் எந்தக் கதவால் வருகிறீர்கள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் ஏறுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கப்டன் கேட்பது அதைத்தான்.

உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை மூன்றுக்கு இடம் தருகிறது: சான்றிதழைப் பார்க்கலாம், பதிவேட்டைப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம். அதே உறுப்புரை கையையும் கட்டுகிறது. மாதிரியின் முடிவு வரட்டும் என்று கப்பலை நியாயமில்லாமல் நிறுத்திவைக்க முடியாது. 12ஆம் உறுப்புரைப்படி, தேவையில்லாமல் தாமதித்தால் கப்பல் நட்டஈடு கேட்கலாம். புதியவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு மாட்டிக்கொள்வார்கள்.

கொடியைப் பார்த்து மயங்கவும் தேவையில்லை. உடன்படிக்கையில் சேராத நாட்டுக் கப்பலுக்குச் சலுகை எதுவும் கிடையாது என்பது 3ஆம் உறுப்புரை. போர்க்கப்பல், அரச சேவைக் கப்பல், முத்திரையிட்ட தாங்கிகளில் நிரந்தரமாக நீர் வைத்திருக்கும் கப்பல் ஆகியவை இதற்கு வெளியே.

இரண்டாம் படி: எந்தக் கப்பலில் ஏறுவது

எல்லாக் கப்பலிலும் ஏற ஆள் இல்லை. திருகோணமலையை எடுங்கள். கோதுமை கொண்டுவரும் கப்பலும் சீமெந்துக் கிளிங்கர் கொண்டுவரும் கப்பலும் பாரத்தோடு வந்து வெறுமையாகப் போகின்றன. அவை நம் நீரை அள்ளிக்கொண்டு போகும், இங்கே கொட்டுவது சொற்பம். புல்மோட்டைக் கனிம மணல் ஏற்ற வரும் கப்பலுக்குக் கதை தலைகீழ். வயிறு நிறைய வேற்றூர் நீரோடு வந்து, மணல் விழவிழ நீரை வெளியே தள்ளும். உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

அடுத்த கேள்வி, அந்த நீரை எங்கே அள்ளியது. வங்காள விரிகுடாவில் வேலை செய்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. ஹால்தியாத் துறைமுகம் ஹூக்ளி ஆற்றில், சிட்டகொங் கர்ணபூலி ஆற்றில், யங்கோனும் ஆற்றில். நீர் சேறாகவும் உப்புக் குறைவாகவும் இருக்கும். சுத்திகரிப்புக் கருவிகளில் ஒரு சாதி புற ஊதா விளக்கால் கொல்வது. கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. இன்னொரு சாதி கடலுப்பை மின்னால் பிரித்துக் குளோரின் உண்டாக்குவது. உப்பில்லாத நீரில் அதற்கு வேலையில்லை. இரண்டுக்கும் முன்னால் இருக்கும் பில்டர் சேற்றில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைக்கும். துறைமுகமோ கப்பல் நிற்கும் பெர்த்தைக் காலி பண்ணு என்று அவசரப்படுத்தும். அந்த நேரத்தில் சீப் ஒபிசரின் (கப்டனுக்கு அடுத்த அதிகாரி) கை, கருவியைத் தவிர்த்து நீரை நேரே தாங்கிக்கு விடும் பைபாஸ் வால்வுக்குப் போகும். நானும் போகவிட்டிருப்பேன்.

இப்படிப்பட்ட துறைமுகங்களுக்காகச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் இடைக்கால வழிகாட்டல் ஒன்று தந்தது. பைபாஸ் பண்ணி நீரை எடுத்தால், கப்பல் அதைப் பதிவேட்டில் எழுதி, ஆழ்கடலில் அந்த நீரை மாற்றி, புது நீரைக் கருவி வழியாக எடுத்து, பைபாஸ் பண்ணிய குழாய்களையும் சுத்தப்படுத்திய பிறகுதான் டி-2க்குத் திரும்பியதாகக் கருதலாம். ஆகவே பைபாஸ் என்ற சொல்லைப் பதிவேட்டில் கண்டதும் பாயாதீர்கள். அதை எழுதியவர் பெரும்பாலும் நேர்மையானவர். ஹால்தியாவில் மழைக்காலத்தில் நீர் எடுத்தும் ஒரு பைபாஸும் இல்லை என்று எழுதிய கப்பலில்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கப்பல் வருமுன் அதன் முகவரிடம் பலாஸ்ட் நீர் அறிக்கைப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் துறைகள், எந்தத் தாங்கியில் எங்கே அள்ளிய எவ்வளவு நீர், இங்கே கொட்டப்போவது எவ்வளவு, கருவியின் வகை என்பன அதில் இருக்கும். அதன் பிரதியோடு ஏறுங்கள். மேலே காட்டும் புத்தகம் இதோடு ஒத்துப்போகிறதா என்பது முதல் சோதனை.

மூன்றாம் படி: ஏறியதும் இருபது நிமிடம்

சர்வதேச கடல்சார் அமைப்பின் கடல்சார் சூழல் பாதுகாப்புக் குழு 2014இல் ஏற்ற எம்.ஈ.பி.சி. 252(67) தீர்மானம் பரிசோதனையை நாலு கட்டமாகப் பிரிக்கிறது: ஆரம்பப் பரிசோதனை, விரிவான பரிசோதனை, அறிகுறி காட்டும் விரைவுச் சோதனை, முழு ஆய்வு. பெரும்பாலான கப்பல்கள் முதற் கட்டத்திலேயே முடிந்துவிடும், முடியவும் வேண்டும்.

கேட்க வேண்டிய காகிதம் மூன்று. 400 மொத்தத் தொன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு சர்வதேசச் சான்றிதழ் (ஐந்து வருடத்துக்கு மேல் செல்லாது, இடையில் வருடாந்த மேலொப்பம் விழுந்திருக்க வேண்டும்). அந்தக் கப்பலுக்கென்றே எழுதி அங்கீகரித்த பலாஸ்ட் நீர் முகாமைத்துவத் திட்டம். பலாஸ்ட் நீர்ப் பதிவேடு: கடைசிப் பதிவிலிருந்து இரண்டு வருடம் கப்பலிலும், பிறகு மூன்று வருடம் கம்பனியிடமும் இருக்க வேண்டியது. 2025 பெப்ரவரி 1 முதல் பதிவேட்டின் படிவம் மாறிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் குறியீட்டு எழுத்து உண்டு. பழைய படிவத்திலேயே எழுதிக்கொண்டிருந்தால் அது ஒரு குறை, ஆனால் கப்பலை நிறுத்தும் குறையில்லை.

திட்டத்தில் பொறுப்பதிகாரி யார் என்று போட்டிருக்கும். அவரைக் கூப்பிட்டு, "இந்தத் துறையில் நீரை எப்படி இறக்கப்போறீங்க, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தெரிந்தவர் கையை ஆட்டி ஆட்டி வால்வு இலக்கத்தோடு சொல்வார். தெரியாதவர் திட்டத்தின் பக்கத்தைப் புரட்டுவார். கருவியை இயக்கத் தெரியாத ஆட்கள் கப்பலில் இருப்பதே விரிவான பரிசோதனைக்குப் போகப் போதிய காரணம்.

நாலாம் படி: பென்சிலும் பழைய தாளும்

ஆய்வுகூடத்தில் பிடிபடும் கப்பல்களைவிடக் கணக்கில் பிடிபடும் கப்பல்கள் அதிகம் என்பது என் அனுபவம். இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். தேர்ட் ஒபிசராக ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் இருந்தேன். நடுக்கடலில் நீரை மாற்றச் சொல்லும் துறைமுகம் ஒன்றுக்குப் போனோம். மாற்றவில்லை. கடல் கொந்தளிப்பு, கப்டனுக்கு விருப்பமில்லை, சீப் ஒபிசர் என்னைக் கூப்பிட்டு "மாற்றியதாக எழுது" என்றார். ஆறு தாங்கி, ஒவ்வொன்றும் 640 கன மீற்றர். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடித்ததாக அழகான கையெழுத்தில் எழுதினேன். வழியவிட்டு மாற்றும் முறை, ஒரு பம்ப்.

துறையில் ஏறியவர் தலை நரைத்த மெலிந்த மனிதர். தேநீரைக்கூடத் தொடவில்லை. சரக்குத் தந்திக் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, பம்பின் கொள்ளளவைக் கேட்டார். மணிக்கு 400 என்றேன். 640ஐ மூன்றால் பெருக்கினார், 1,920. அதை ஆறால் பெருக்கினார், 11,520. பன்னிரண்டு மணி நேரத்தை 400ஆல் பெருக்கினார், 4,800. இரண்டு தொகைக்கும் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் இரண்டாவது பம்பும் ஓடியது என்றேன். "அப்படியென்றாலும் 9,600" என்றார்.

அதோடு விட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பியிருப்போம். அவர் தளப் பதிவேட்டைக் கேட்டார். வழியவிட்டு மாற்றும்போது நீர் தளத்திலுள்ள காற்றுக்குழாய் வாய்களால் பொங்கி வழியும். அன்றைக்குத் தளத்தில் நடக்கவே முடியாது. எங்கள் தளப் பதிவேட்டில் அதே திகதிக்கு போசன் (தள வேலையாட்களின் தலைவர்) எழுதியிருந்தார்: இரண்டாம் இலக்கச் சரக்கறையின் ஹட்ச் மூடிக்குத் துரு சுரண்டி பெயின்ட் அடித்தது. நீர் வழிந்தோடும் தளத்தில் பெயின்ட்! அவர் சிரிக்கவும் இல்லை. பெயின்ட் என்ற சொல்லின்மேல் பென்சில் நுனியை வைத்துக்கொண்டு கப்டனைக் கூப்பிடச் சொன்னார். நீரை ஒரு சொட்டும் இறக்கவிடவில்லை. வெளியே போய் மாற்றிவிட்டு வர எங்களுக்கு மூன்று நாள் போனது. பதிவேட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது, சீப் ஒபிசருடையது இல்லை.

அதே கணக்கு இன்றைய கருவிகளுக்கும் பொருந்தும். சான்றிதழோடு வரும் வகை அங்கீகாரத் தாளில் கருவியின் சுத்திகரிப்புக் கொள்ளளவு இருக்கும். மணிக்கு 500 கன மீற்றர் என்று வையுங்கள். பதிவேட்டில் 09.00 முதல் 11.10 வரை நாலு தாங்கிகளுக்கு 1,960 கன மீற்றர் ஏற்றியதாக இருக்கிறது. இரண்டு மணி பத்து நிமிடத்தில் கருவிக்குள்ளால் போகக்கூடியது 1,083 மட்டும். இரண்டு பம்பும் சேர்ந்து மணிக்கு 1,000 தள்ளும் என்றால் பம்புக்கு இது சுலபம், கருவிக்கு முடியாது. 877 கன மீற்றர் எந்த வழியாகப் போனது? பதில் பைபாஸ் குழாயில் இருக்கிறது. இதை எழுதி வைத்துக்கொண்டு ஐந்தாம் படிக்குப் போங்கள்.

கணக்கை எதனோடெல்லாம் ஒட்டிப் பார்ப்பது என்று கேட்பார்கள். பதிவேட்டின் நேரமும் அளவும், தளப் பதிவேட்டின் வேலையும் காலநிலையும், பொறியறைப் பதிவேட்டில் பம்ப் தொடங்கி நின்ற நேரம், தாங்கிகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதும் சவுண்டிங் புத்தகம், கப்பல் ஒவ்வொரு நடுப்பகலிலும் நின்ற நிலையிடங்கள். நிலையிடத்தை வரைபடத்தில் குத்திப் பார்க்காமல் விடாதீர்கள். ஹால்தியாவிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் மூன்று நாள் ஓட்டம். கரையோரமாக இறங்கி வந்த கப்பல் 200 மைலுக்கு அப்பால் நீர் மாற்றியதாக எழுதியிருந்தால் பென்சிலே சொல்லிவிடும். பொய் சொல்பவர் ஒரு புத்தகத்தைத்தான் கவனமாக எழுதுவார். மற்ற நாலையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு அலுப்பில் எழுதியிருப்பார்கள்.

ஐந்தாம் படி: கருவியின் முன்னால்

கருவியே தன் நாட்குறிப்பை எழுதுகிறது. இன்றைய அங்கீகார விதிப்படி அது 24 மாதத் தரவைச் சேமித்து வைத்திருக்க வேண்டும்: எப்போது ஓடியது, ஓட்ட வேகம் எவ்வளவு, எப்போது அலறியது, பைபாஸ் வால்வு எப்போது திறந்தது. முந்தைய படியில் சந்தேகப்பட்ட திகதியைத் திரையில் கொண்டுவரச் சொல்லுங்கள். "சிஸ்டம் ஹாங் ஆகிட்டது, கம்பனியில இருந்து ஆள் வரணும்" என்று பதில் வந்தால், அந்தக் கருவி வேலை செய்யாததைக் கொடிநாட்டுக்கும் (கப்பலைப் பதிந்த நாடு) வகைப்பாட்டுச் சங்கத்துக்கும் (கப்பலின் தரத்தைச் சான்றுப்படுத்தும் நிறுவனம்) எப்போது அறிவித்தீர்கள் என்று கேளுங்கள். அறிவித்த மின்னஞ்சல் இருந்தால் அது கோளாறு. இல்லாவிட்டால் வேறு.

கண்ணால் பார்க்க வேண்டியவை: பைபாஸ் வால்வில் சீல் இருக்கிறதா, சீலின் இலக்கம் பதிவேட்டோடு ஒக்கிறதா. புற ஊதா விளக்கின் ஓட்ட மணி நேரம் மாற்ற வேண்டிய எல்லையைத் தாண்டிவிட்டதா. பில்டரின் முன்பின் அழுத்த வித்தியாசம் என்ன. குளோரின் சாதியானால், மீதிக் குளோரினை அளக்கும் உணரியின் மருந்துப் போத்தல் எப்போது காலாவதி, கொட்டுமுன் நடுநிலையாக்கும் இரசாயனம் எவ்வளவு இருப்பில் இருக்கிறது. இரண்டு வருடமாகத் திறக்காத மருந்துப் பெட்டியின்மேல் தூசி நன்றாகவே தெரியும். கருவியைச் சுற்றிய பெயின்ட் புத்தம் புதிதாக, திருகாணிகூடச் சுரண்டுப்படாமல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி வராது. ஓடுகிற இயந்திரம் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும்.

தாங்கிக்குள் இறங்காதீர்கள். இதை ஒரு படியாகவே எழுதலாம். மூடிக்கிடக்கும் பலாஸ்ட் தாங்கியில் துரு ஒட்சிசனைத் தின்றுவிடும். மேலே மூடியைத் திறந்ததும் காற்று நன்றாக இருப்பதுபோல் இருக்கும். கீழே இரண்டு மூச்சில் ஆள் விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஒட்சிசனை மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளந்து எழுதிய அனுமதித் தாள் இல்லாமல் எவர் கூப்பிட்டாலும் போக வேண்டாம். உங்களுக்கு வேண்டிய நீரைச் சவுண்டிங் குழாயாலும் எடுக்கலாம்.

ஆறாம் படி: உப்பைப் பார்ப்பது, மாதிரி எடுப்பது

இறால் பண்ணைக்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கும் உப்புமானி ஒன்றை வாங்கி வையுங்கள். கண்ணாடியில் இரண்டு சொட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்தால் அளவு தெரியும். திறந்த சமுத்திர நீர் ஆயிரத்துக்கு 35 சுற்றி இருக்கும். ஆழ்கடலில் மாற்றியதாகச் சொல்லும் தாங்கியில் 8 காட்டினால் அது ஆற்று நீர், பேச்சில்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் வங்காள விரிகுடாவின் வடபகுதி மேல்நீர், தென்மேல் பருவ மழைக்குப் பின் 30க்கும் கீழே போகும். அங்கே நேர்மையாக மாற்றிய கப்பலும் 29 காட்டலாம். 35 இல்லையே என்று குற்றம் எழுதினால் நாளைக்கு விசாரணையில் நீங்கள்தான் முழிப்பீர்கள். உப்புமானி சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான்.

விரைவுச் சோதனைக்குக் கைக்கருவிகள் உண்டு. பாசியின் பச்சையம் ஒளிர்வதை அளந்து உயிருள்ள சின்ன உயிர்கள் எவ்வளவு என்று சொல்வது ஒன்று. செல்லின் சக்திப் பொருளான ஏ.டி.பி.யை அளப்பது இன்னொன்று. நிமிடக் கணக்கில் முடிவு வரும். எல்லையை ஒட்டிய எண்ணை நம்பி எதையும் செய்யாதீர்கள். எல்லையைப் பல மடங்கு தாண்டினால் முழு ஆய்வுக்குப் போங்கள்.

முழு ஆய்வுக்கான மாதிரி, கொட்டும் குழாயில் இதற்கென்று வைத்திருக்கும் மாதிரி வாயிலிருந்து, நீர் உண்மையிலேயே வெளியேறிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும். வாளியில் மொண்டு வந்தால் செல்லாது. பெரிய உயிர்களை எண்ண ஒரு கன மீற்றருக்குக் குறையாத நீரை நுண்வலையால் வடிக்க வேண்டும். அது ஆயிரம் லீற்றர், வடிந்து முடிய நேரமெடுக்கும், இரண்டு பேர் வேண்டும். ஒளி படாமல், குளிர்ச்சியாக, சில மணி நேரத்துக்குள் நுண்நோக்கிக்குப் போக வேண்டும். செத்த உயிர் குற்றமில்லை, உயிரோடு இருப்பதுதான் குற்றம். போகும் வழியில் வெயிலில் அவை செத்தால் உங்கள் வழக்கும் செத்தது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கே வீதியால் மூன்று மணி நேரம் போய்விடும். ஆகவே வலையை நீரில் வைக்குமுன் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு எண்ணுவதற்கு ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த மாதிரி திங்கட்கிழமை யாருக்கும் உதவாது.

போத்தல் ஒவ்வொன்றிலும் கப்பலின் ஐ.எம்.ஓ. இலக்கம் (அதன் நிரந்தர அடையாள இலக்கம்), தாங்கி, நேரம், எடுத்தவர், கூட நின்ற கப்பல் அதிகாரியின் கையொப்பம். கை மாறும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தவரும் வாங்கியவரும் எழுத வேண்டும்.

ஏழாம் படி: என்ன செய்வது என்று தீர்மானிப்பது

காகிதக் குறை, ஆனால் நீர் சரி: குறையை எழுதி, திருத்தத் திகதி கொடுத்து விடுங்கள். கோளாறு உண்மை, முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள்: இது அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம். கொட்டாமல் சரக்கேற்ற முடியுமா? முடியாவிட்டால் நீரைக் கப்பலுக்குள்ளேயே வேறு தாங்கிக்கு மாற்ற முடியுமா? வெளியே போய் ஆழ்கடலில் மாற்றிவிட்டு வரச் சொல்வதா? துறையிலேயே வேறு வழியில் சுத்திகரிக்க வசதி உண்டா? இவையெல்லாம் சர்வதேச கடல்சார் அமைப்பின் அவசர நடவடிக்கை வழிகாட்டலில் உள்ளவை. எதைத் தேர்ந்தாலும் கப்பலின் உறுதி கெடக் கூடாது. தாங்கிகளைக் கண்டபடி வெறுமையாக்கினால் கப்பல் வளைந்து முறியும். உறுதிக் கணக்கைச் சீப் ஒபிசர் போட்டுக் காட்டிய பிறகு ஒப்பமிடுங்கள்.

பொய்ப் பதிவு, அல்லது சுத்திகரிக்காத நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது: முதலில் பம்பை நிறுத்தச் சொல்லுங்கள். விவாதம் அதற்குப் பிறகு. சூழலுக்கும் மனித நலத்துக்கும் ஆபத்து நீங்கும்வரை கொட்டுவதைத் தடுக்க 10ஆம் உறுப்புரை இடம் தருகிறது. கப்பலைத் தடுத்துவைப்பது கடைசி ஆயுதம். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கத் தயங்காதீர்கள். கொடிநாட்டுக்கு, வகைப்பாட்டுச் சங்கத்துக்கு, அடுத்த துறைக்கு அன்றைக்கே அறிவியுங்கள். 1999 முதல் நடக்கும் இந்து சமுத்திரத் துறைமுக அரசுப் பரிசோதனை ஏற்பாட்டில் இலங்கையும் உண்டு. அதன் தரவுத்தளத்தில் நீங்கள் ஏற்றும் ஒரு வரியை நாளைக்கு வேறொரு துறையில் ஒருவர் வாசிப்பார். என்னைப் பிடித்த அந்த நரைத்த மனிதரின் வரி அடுத்த இரண்டு துறைகளிலும் எங்களுக்கு முன்னாலேயே போய் நின்றது.

நியூ டயமன்ட் எண்ணெய்க் கப்பல் 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே எரிந்ததை அம்பாறைக் கரை மறக்காது. ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய், ஒரு மாலுமியின் உயிர். தொலைக்காட்சி, ஹெலிகொப்டர் எல்லாம் வந்தன. பலாஸ்ட் நீருக்குப் புகை கிடையாது, வாசமும் கிடையாது. படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். உங்கள் அறிக்கை மட்டுந்தான் சாட்சி என்பதால் அதை வேறு ஆள் வாசித்து விளங்குமாறு எழுதுங்கள். "கணக்கு ஒத்துப்போகவில்லை" என்று எழுதாதீர்கள். 1,960, 500, இரண்டு மணி பத்து நிமிடம் என்று எழுதுங்கள்.

இறங்குமுன்

பதிவேட்டில் நீங்கள் பார்த்த பக்கங்களின் பிரதியில் கப்டனின் ஒப்பமும் கப்பல் முத்திரையும் வாங்குங்கள். அது உண்மைப் பிரதி என்று சான்றுப்படுத்தினால் வழக்கில் சாட்சியாக ஏற்கப்படும். கருவித் தரவைத் திரைப் படமாக மட்டும் எடுக்காமல் கோப்பாகவும் வாங்குங்கள். திரையில் திகதி தெரியாமல் போகும். உங்கள் அறிக்கையின் ஒரு பிரதியைக் கப்பலில் விட்டு வாருங்கள்.

நங்கூரத்தில் நிற்கும் கப்பலானால் போத்தல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றேணியில் இறங்காதீர்கள். முதலில் பெட்டியைக் கயிற்றில் கட்டிப் படகுக்கு இறக்கச் சொல்லுங்கள். கீழே நிற்பவர் அதைப் பிடித்து, நிழலில் வைத்து, "சரி" என்று கத்திய பிறகு இரண்டு கையும் ஏணியில் இருக்க நீங்கள் இறங்குங்கள்.